நனோமீற்றர்: எதை அளந்த எண்?

ஒரு மீற்றரை நூறு கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் நனோமீற்றர். தலைமுடியின் தடிப்பு ஏறக்குறைய 80,000 நனோமீற்றர். கொவிட் வைரஸ் சுமார் 100. டீஎன்ஏ இழையின் அகலம் 2.

இந்த அளவுக்கு இறங்கும்போது பொருளின் குணமே மாறிவிடும். தங்கத்தைப் பாருங்கள். காப்பிலும் மாலையிலும் மஞ்சள். அதையே 20 நனோமீற்றர் துணிக்கைகளாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால் சிவப்பு! அதன் இலத்திரன்கள் கூட்டாக அதிர்ந்து பச்சை ஒளியை உறிஞ்சிவிடுகின்றன. மிஞ்சி வருவது சிவப்புத்தான். கர்ப்பப் பரிசோதனைப் பட்டிகள், கொவிட் அன்டிஜன் பட்டிகள் பலவற்றில் நாம் கண்ட சிவப்புக் கோடு இந்தத் தங்கமே.

9ஆம் நூற்றாண்டில் அப்பாசிய ஈராக்கின் குயவர்கள் வெள்ளி, செம்புச் சேர்மங்களை மெருகிட்ட பாத்திரத்தில் பூசி, புகை சூழ்ந்த சூளையில் மறுபடி சுட்டார்கள். பொன்போல மினுங்கியது. நம் காலத்து இலத்திரன் நுணுக்குக்காட்டிதான் அந்த மெருகுக்குள் நனோ அளவிலான உலோகத் துணிக்கைகள் இருப்பதைக் காட்டியது. இதை வைத்து "நனோ தொழில்நுட்பமே நம்மவர் கண்டதுதான்" என்று பேசுவோர் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர்கள் அறிந்தது சூளையை. துணிக்கையின் அளவை அல்ல. அந்தக் கைத்திறனே போதிய பெருமை. இல்லாத அறிவை அவர்கள் தலையில் ஏற்றுவானேன்?

இதே மிகைப்பேச்சு கடைத்தெருவிலும் உண்டு. "3 நனோமீற்றர் சிப்" என்று சொல்லி ஃபோன் விற்கிறார்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதிவரை இப்படியான எண், ட்ரான்சிஸ்டரின் ஒரு பாகத்தை ஓரளவு மெய்யாகவே குறித்தது. இப்போது அது தலைமுறைக்கு வைத்த பெயர் மாத்திரமே. அந்தச் சிப்பில் அடுத்தடுத்த இரு ட்ரான்சிஸ்டர் வாயில்களுக்கு இடையிலான தூரமே 40 நனோமீற்றருக்கு மேல். புதிய தலைமுறை வேகமானது, மின்சாரம் குறைவாகக் குடிப்பது என்பதெல்லாம் சரிதான். ஆனால் 3 என்பது அளந்து வந்த எண் அல்ல. மாறாக, அதே சிப்பின் மிக நுண்ணிய கோடுகளை அச்சிடும் ஒளியின் அலைநீளம் 13.5 நனோமீற்றர், அது உண்மையில் அளந்த எண்.

ஆகவே, நனோ என்ற சொல் காதில் விழுந்தால் ஒரு கேள்வி கேட்டுப் பழகுவோம்: எதை அளந்தார்கள்? பதில் சொல்ல முடிந்தால் அது விஞ்ஞானம். முடியாவிட்டால் வெறும் விளம்பரம்.