புகையும் நெருப்பும்: மெய்ம்மை காண இரு நெறிகள்

மேலைநாட்டார் அறிவினால் மெய்யை ஆராய்ந்தனர். கீழைநாட்டாரோ நம்பிக்கையினால் அதனை ஏற்றனர் என்று கூறுவார் பலர். கூறுதற்கு எளிதாயினும் இது பொருந்தாக் கூற்றாகும். இந்திய நியாய நூலார் அறிவு தோன்றும் வாயில்களைக் காட்சி, அனுமானம், ஒப்பு, உரை என நான்காக வகுத்தனர். உரையைப் பிரமாணமாகக் கொண்ட அவர்களே அனுமானத்தை எத்துணை நுணுகி ஆய்ந்தனர் என்பதைக் கிரேக்கரோடு ஒருங்குவைத்து நோக்குதல் தகும்.

கி.மு. 384 முதல் 322 வரை வாழ்ந்த அரிஸ்தோத்தில் வகுத்த வாதம் மூன்று உறுப்புடையது. மாந்தர் யாவரும் இறப்பர். சோக்கிரதீஸ் மாந்தருள் ஒருவர். ஆகவே அவரும் இறப்பார். இது பாடநூல்கள் வழிவழியாகக் காட்டும் உதாரணம். முதலிரண்டை உடன்பட்டவன் மூன்றாவதை மறுத்தல் இயலாது. ஆயின், அம்முதலிரண்டும் உண்மைதாமா என்பதை வாதத்தின் வடிவம் ஒன்றே காட்டமாட்டாது.

நியாய நூலாரின் வாதமோ ஐந்து உறுப்புடையது. மலையில் நெருப்புண்டு என்பது மேற்கோள். புகை உண்மையால் என்பது ஏது. எங்கே புகையுண்டோ அங்கே நெருப்புண்டு, அடுக்களையிற் போல என்பது எடுத்துக்காட்டு. இம்மலையும் அத்தகையதே என்பது உபநயம். ஆதலின் இங்கு நெருப்புண்டு என்பது நிகமனம். அடுக்களை இங்கே வீணே புகுந்ததன்று. பொதுவிதி எங்கே கண்டறியப்பட்டது என்பதற்கு அதுவே சான்று. நெருப்பில்லாத குளத்திற் புகையின்மையும் உடன் காட்டப்படும். பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்புண்டு, புகையில்லை. ஆதலின் நெருப்பைக்கொண்டு புகையை அனுமானித்தல் பிழை என்றும் விலக்கினர். ஒருசில அடுக்களைகளைக் கண்டு உலகமனைத்துக்கும் விதி கூறலாமோ என்று உலகாயதர் எழுப்பிய தடை, நியாய நூலாரைப் பல நூற்றாண்டு உழைக்க வைத்தது.

இவ்வைந்துறுப்பும் அடுக்களை உதாரணமும் தமிழுக்குப் புதியனவல்ல. பௌத்த காப்பியமாகிய மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவணவடிகள் இவற்றை உரைக்கின்றார். இறுதியிரண்டும் எடுத்துக்காட்டினுள் அடங்கும் என்பது அவர் கொள்கை.

இனி, நோக்கத்தில் வேறுபாடு உண்டு. அறிதலை அதன்பொருட்டே விரும்பத்தக்கதாகக் கொண்டார் அரிஸ்தோத்தில். நியாய சூத்திரமோ தன் முதற் சூத்திரத்திலேயே, மெய்யறிவின் பயன் வீடுபேறு எனக் கூறிவிடுகின்றது. எனினும், கிரேக்கர் அனைவரையும் அரிஸ்தோத்திலின் பக்கம் நிறுத்துதல் தவறு. அவருடைய ஆசிரியராகிய பிளேற்றோ, கி.மு. 399இல் நஞ்சுண்ட சோக்கிரதீஸின் இறுதி நாளைப் 'பீடோ'வில் வரைகின்றார். உடலினின்று நீங்கிய ஆன்மாவே மெய்யைத் தூய்மையாக அறியும் என்று அங்கே சோக்கிரதீஸ் வாதிக்கின்றார். சூழவிருந்த நண்பருள் இருவர் உடன்படாது தடை எழுப்புகின்றனர். சாவு நெருங்கிய அந்நேரத்திலும் அவர் அத்தடைகளை ஒவ்வொன்றாக எடுத்து விடை கூறுகின்றார்.