கடலுக்கு மேலே மட்டும்

வெள்ளவத்தையில் அயல்வீட்டுச் சிறுவன் ஒருவன், தான் வரைந்த அதிசய வீரனைக் காட்ட வந்தான். மேலங்கியும் மார்பில் எழுத்துமாக நின்றவன், 1938இல் அமெரிக்காவில் தோன்றிய சூப்பர்மேனேதான்! பார்த்தெழுதிக் கையெழுத்துப் பழகுவது போலத்தான் இதுவும், குற்றமில்லை.

முத்து காமிக்ஸ் 1972இல் தமிழுக்குக் கொணர்ந்த இரும்புக்கை மாயாவியைப் பற்றிச் சொன்னேன். மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடல் மறையும்; இரும்புக்கை மட்டும் மறையாது. ஒளிய முனைபவனுக்கு அது குறை. வரைபவனுக்கோ ஆளைக் காட்ட அந்தக் கை ஒன்றே போதும்.

"உன் வீரனுக்கு இயலாதது எது?" என்றேன்.

நெடுநேரம் பென்சிலைக் கடித்தான். பிறகு மேலங்கியை அழித்தான்.

"இவன் பறப்பான், மாமா. கடலுக்கு மேலே மட்டும் ஏலாது."

அவன் தந்தை கடல் கடந்து சென்று மூன்றாண்டுகள் ஆகின்றன. புதிய தாளில், கரையோரத் தண்டவாளத்தின் மீது, மேற்கு நோக்கி ஒருவன் நின்றான்.