சூரமங்கலம்

சூரமங்கலம் என்பது தமிழ்நாட்டின் சேலம் மாவட்டத்தில், சேலம் நகரின் மேற்குப் பகுதியில் அமைந்துள்ள ஊர் ஆகும். சேலம் சந்திப்பு தொடருந்து நிலையம் இவ்வூரிலேயே உள்ளது. முன்பு தனி ஊராகவும் பின்னர் தனி நகராட்சியாகவும் விளங்கிய சூரமங்கலம், 1994 ஆம் ஆண்டு சேலம் மாநகராட்சி உருவாக்கப்பட்டபோது அதனுடன் இணைக்கப்பட்டது. தற்போது அம்மாநகராட்சியின் நான்கு மண்டலங்களுள் ஒன்று இவ்வூரின் பெயரால் வழங்குகிறது. அத்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி என்பன ஏனைய மூன்று மண்டலங்கள்.

"சேலம் வழியாகச் சென்றேன்" என்று கூறும் தொலைதூரப் பயணிகளில் பெரும்பாலோர் உண்மையில் பார்த்தது சூரமங்கலத்தையே எனலாம். சேலத்தின் பழைய நகர்ப்பகுதி நிலையத்திலிருந்து ஏறத்தாழ 5 கி.மீ. கிழக்கே, திருமணிமுத்தாற்றின் கரையில் உள்ளது.

பெயர்

மங்கலம் என்று முடியும் ஊர்ப்பெயர்கள் தமிழகமெங்கும் காணப்படுகின்றன. இடைக்காலக் கல்வெட்டுகளில் இவ்வீறு பெரும்பாலும் பிராமணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட ஊர்களைக் குறிக்கும். எனினும் மங்கலம் என முடியும் எல்லா ஊர்களும் அவ்வாறு தோன்றியவை என்று கொள்ள இயலாது. பேச்சு வழக்கில் நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதி "ஜங்ஷன்" என்றே அழைக்கப்படுகிறது. நகரப் பேருந்துகளில் நடத்துநரிடம் "ஜங்ஷன் ஒன்று" என்று கேட்பவரே மிகுதி. பழைய ஊர்ப்பகுதி "பழைய சூரமங்கலம்" எனப் பிரித்துக் கூறப்படுகிறது.

இருப்புப்பாதையின் வருகை

சேலமும் பாராமகால் பகுதியும் 1792 ஆம் ஆண்டு சீரங்கப்பட்டின உடன்படிக்கையின் மூலம் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனிக்கு வந்தன. அதற்குப் பின் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் இப்பகுதியின் போக்குவரத்து மாட்டு வண்டியையும் பொதி மாட்டையும் சார்ந்தே இருந்தது.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடருந்து 1856 சூலை 1 அன்று சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை ஓடியது. அதனை இயக்கிய சென்னை இருப்புப்பாதைக் கம்பனி தனது தென்மேற்குப் பாதையை மேலைக் கடற்கரையிலுள்ள பேப்பூர் வரை கொண்டு செல்லத் திட்டமிட்டது. பாதை படிப்படியாக நீண்டு, சோலார்பேட்டை, திருப்பத்தூர், மொரப்பூர் வழியாக 1861 ஆம் ஆண்டு சேலத்தை அடைந்தது. அதே ஆண்டின் இறுதியில் சங்ககிரிக்கும், 1862 ஆம் ஆண்டு ஈரோட்டைக் கடந்து போத்தனூருக்கும் சென்றது. மேலைக் கடற்கரையிலிருந்து கிழக்கு நோக்கி அமைக்கப்பட்டு வந்த பாதையும் அதே ஆண்டில் இதனுடன் சேர, சென்னைக்கும் பேப்பூருக்கும் இடையே நேரடித் தொடர்பு ஏற்பட்டது.

இப்பாதைக்கு 1676 மி.மீ. அகலம் கொண்ட அகலப்பாதை முறை பின்பற்றப்பட்டது. கம்பனியின் முதலீட்டுக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டி கிடைக்கும் என்று அரசு உறுதியளித்திருந்தது. வருமானம் குறைந்தால் அந்த வட்டியை ஈடுகட்டியது இந்நாட்டின் வரிப்பணமே ஆகும்.

சூரமங்கலத்துக்கு மேற்கே சில கி.மீ. தொலைவில் உள்ள கஞ்சமலை, பண்டுதொட்டு இரும்புத் தாதுக்குப் பெயர் பெற்றது. ஜோசையா மார்சல் ஹீத் என்பவர் 1830 ஆம் ஆண்டளவில் பரங்கிப்பேட்டையில் தொடங்கிய இரும்பு ஆலை சேலம் பகுதியின் தாதுவையே நம்பியிருந்தது. ஆயினும், அம்மலையைப் பார்த்தபடியே இடப்பட்ட தண்டவாளங்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவை. சேலத்துக்குத் தொடருந்து வந்த காலத்தில் பரங்கிப்பேட்டை முயற்சி நலிந்து முடிவை நெருங்கிக் கொண்டிருந்தது.

நிலையம் நகருக்கு வெளியே அமைந்த காரணம்

சேலத்தில் நிலையம் ஏன் நகருக்குள் அமையவில்லை என்பது அடிக்கடி கேட்கப்படும் கேள்வியாகும். நகரப் பெரியவர்கள் எதிர்த்தார்கள் என்பது போன்ற செவிவழிக் கதைகள் பல ஊர்களைப் போலவே இங்கும் சொல்லப்படுகின்றன. ஆனால் நிலப்படத்தைப் பார்த்தாலே இதற்குப் போதிய விடை கிடைக்கும்.

சோலார்பேட்டையிலிருந்து வரும் பாதை சேர்வராயன் மலையின் மேற்குப் பக்கமாக, பொம்மிடி, லோகூர், டேனிஷ்பேட்டை வழியே பாராமகால் மேட்டிலிருந்து சேலம் சமவெளிக்கு இறங்குகிறது. அதன் அடுத்த இலக்கு தென்மேற்கே காவிரிக் கரையில் உள்ள ஈரோடு. மலைக்கு மேற்கே இறங்கி, மேலும் மேற்கே செல்ல வேண்டிய பாதையைக் கிழக்கே திருப்பி நகருக்குள் கொண்டுசென்று மீண்டும் வெளியே கொண்டுவருவது பெருஞ்சுற்றாகும். கடற்கரையையும் கடற்கரையையும் இணைப்பதே நோக்கமாக இருந்த கம்பனிக்கு, இடையில் இருந்த சேலம் வழியில் வரும் ஒரு நிறுத்தம் மட்டுமே. பாதை வளையும் இடத்தில் சூரமங்கலம் இருந்தது. நிலையம் அங்கே அமைந்தது. ஊர்ப்பெயர் சூரமங்கலமாக இருப்பினும் நிலையத்துக்கு "சேலம்" என்றே பெயரிடப்பட்டது.

இதே பாதையில் பெயர் தொடர்பான மற்றொரு செய்தியும் உண்டு. சூரமங்கலத்துக்கு மேற்கே உள்ள மகுடஞ்சாவடி நிலையம் ஆங்கிலேயர் கால ஆவணங்களில் "மெக்டொனால்டு சத்திரம்" என்ற பொருள்பட எழுதப்பட்டு வந்தது. மெக்டொனால்டு சாவடியே மகுடஞ்சாவடி ஆயிற்று என்று இப்பகுதி மக்கள் கூறுவர்.

ஊரின் வளர்ச்சி

ஆஸ்திரேலியாவின் ஜூனி போன்ற இருப்புப்பாதை ஊர்கள் பெரும்பாலும் சந்திப்பு நிலையத்தைச் சுற்றிப் புதிதாக எழுந்தவை. சூரமங்கலத்தின் கதை அவ்வாறன்று. ஏற்கனவே வேளாண்மை செய்துவந்த சிற்றூர் ஒன்றின் அருகில் நிலையம் வந்தது. பின்னர் நிலையத்துக்கும் சேலத்துக்கும் இடையே இருந்த வெற்றுநிலம் மெல்ல மெல்ல நிரம்பியது.

தென்மேற்குப் பாதையிலுள்ள மற்ற சில ஊர்களுடன் ஒப்பிட்டால் இது தெளிவாகும். 1864 ஆம் ஆண்டு பெங்களூர்க் கிளைப்பாதை திறக்கப்பட்டபின் சோலார்பேட்டை முக்கிய சந்திப்பாகி, நீராவி இயந்திரக் கொட்டகையும் பணியாளர் குடியிருப்பும் கொண்ட முழுமையான இருப்புப்பாதை ஊராயிற்று. திருச்சிராப்பள்ளியிலிருந்து கரூர் வழியாக வந்த பாதை 1860களின் பிற்பகுதியில் ஈரோட்டில் இணைந்ததால் ஈரோடும் சந்திப்பாக உயர்ந்தது. சில மாதங்கள் பாதையின் கடைசி நிலையமாக இருந்த சங்ககிரியோ, பாதை முன்னேறியதும் சாதாரண நிலையமாகிவிட்டது. சூரமங்கலத்தில் பெரிய பணிமனை எதுவும் அமையவில்லை. சரக்குக் கிடங்கு, வண்டிப்பேட்டை, பயணிகளுக்கான சத்திரங்கள், உணவுக்கடைகள் ஆகியவற்றைச் சுற்றியே அது வளர்ந்தது.

நிலையத்திலிருந்து செவ்வாய்ப்பேட்டை வணிகர்களுக்குச் சரக்கு கொண்டுசெல்ல மாட்டு வண்டிகளும், பயணிகளுக்குக் குதிரை வண்டிகளும் வேண்டியிருந்தன. அந்த 5 கி.மீ. இடைவெளியே பலருக்குப் பிழைப்பாயிற்று. சேலத்து மாம்பழமும் கைத்தறித் துணியும் வெளியூர் சென்றதும், நெசவாளர்களுக்கான ஆலை நூல் உள்ளே வந்ததும் இவ்வழியே ஆகும். அதே வண்டிகளில் இங்கிலாந்து ஆலைத் துணியும் வந்திறங்கி, அதே நெசவாளர்களின் சந்தையைக் குறைத்தது என்பதையும் குறிப்பிட வேண்டும்.

தொடக்க காலத்தில் சென்னை இருப்புப்பாதையின் இயந்திரங்கள் விறகையே பெரிதும் எரித்தன. தண்டவாளக் கட்டைகளுக்கும் உள்ளூர் மரம் வெட்டப்பட்டது. பாதையை ஒட்டிய மலைக்காடுகள் இதனால் அழிவதைக் குறித்துச் சென்னை மாகாண வனத்துறையின் முதல் தலைவரான ஹியூ கிளெக்கார்ன் அக்காலத்திலேயே கவலை தெரிவித்திருந்தார்.

பெரும் பஞ்சம்

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. 1871 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 19,66,995 ஆக இருந்த மாவட்ட மக்கள்தொகை, 1881 ஆம் ஆண்டு 15,99,595 ஆகக் குறைந்தது. இடையில் இயல்பாகப் பிறந்திருக்க வேண்டியவர்களைக் கணக்கில் கொள்ளாமலேயே 3,67,400 பேர் குறைவு. 1871 ஆம் ஆண்டின் அளவை இம்மாவட்டம் மீண்டும் நெருங்க 1891 ஆம் ஆண்டு வரை, அதாவது இருபது ஆண்டுகள், ஆயிற்று.

இம்மாவட்டத்தில் அப்போது தொடருந்துப் பாதை அமைந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. பாதை இருந்தால் பஞ்சம் வராது என்பது அதனை அமைத்தோர் முன்வைத்த வாதங்களுள் ஒன்று. சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய வெளிநாட்டுத் தானியம் தொடருந்தில் மாவட்டங்களுக்கு வந்தது உண்மையே. அது வராதிருந்தால் இறப்பு இன்னும் பெருகியிருக்கும். ஆனால் தண்டவாளம் செல்லாத இடத்துக்குத் தொடருந்து தானியம் கொண்டுசெல்ல இயலாது. நாமக்கல், ஆத்தூர் ஆகிய ஊர்கள் நிலையத்திலிருந்து சுமார் 50 கி.மீ. தொலைவில் இருந்தன. அங்கே தானியத்தை வண்டி மாடுகளே இழுத்துச் செல்ல வேண்டும். தீவனமும் நீரும் இல்லாமல் மாடுகள் மாண்டு கொண்டிருந்தன. மேலும், விலை எங்கு உயர்வோ அங்குத் தானியத்தை விரைந்து நகர்த்த வணிகர்களுக்கும் இதே பாதை உதவியது. கையில் காசில்லாத கூலிக்கு, நிலையத்தில் மூட்டை அடுக்கியிருப்பதால் மட்டும் பயனேதுமில்லை. 1877 ஆம் ஆண்டு, நிவாரணப் பணியாளர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்துக்கு ஈடான கூலியே போதும் என்று சர் ரிச்சர்டு டெம்பிள் வகுத்த விதி பெருங்கண்டனத்துக்கு உள்ளாகிப் பின்னர் தளர்த்தப்பட்டது.

கிளைப்பாதைகள்

இருபதாம் நூற்றாண்டில்தான் சேலம் நிலையம் பெயருக்கேற்ற சந்திப்பாக மாறியது. சென்னை இருப்புப்பாதைக் கம்பனி 1908 ஆம் ஆண்டு கலைக்கப்பட்டு, அதன் தென்மேற்குப் பாதை தென்னிந்திய இருப்புப்பாதையின் கீழ் வந்தது. 1951 ஏப்ரல் 14 அன்று உருவான தென்னக இரயில்வேயில் இது பின்னர் சேர்ந்தது.

மேட்டூர் அணை 1925 முதல் 1934 வரை கட்டப்பட்டபோது, கட்டுமானப் பொருட்களைக் கொண்டுசெல்ல ஓமலூர் வழியாக மேட்டூருக்குப் பாதை அமைக்கப்பட்டது. அணை முடிந்த பின் அது மேட்டூரின் வேதியியல் ஆலைகளுக்கும், பிற்காலத்தில் அனல்மின் நிலையத்தின் நிலக்கரிக்கும் பயன்பட்டது. 1930களின் தொடக்கத்தில் ஆத்தூர் வழியாக விருத்தாசலத்துக்கு மீட்டர் பாதை நிறைவு பெற்றது. சேலம் மார்க்கெட், சேலம் டவுன் ஆகிய நிலையங்கள் இப்பாதையில் நகருக்குள் உள்ளன. ஆயினும் முதன்மைப் பாதையின் வண்டிகள் அங்கே செல்வதில்லை. எனவே சூரமங்கலத்தின் முதன்மை குறையவில்லை. இப்பாதை 2000களில் அகலப்பாதையாக மாற்றப்பட்டது. தருமபுரி, ஓசூர் வழியாகப் பெங்களூர் செல்லும் பாதை 1960களில் மீட்டர் பாதையாக அமைந்து 1990களில் அகலமாக்கப்பட்டது.

நிலையத்துக்கு வடக்கே உள்ள மாக்னசைட் சந்திப்பு, அருகிலுள்ள வெண்ணிறக் குன்றுகளில் வெட்டியெடுக்கப்படும் மாக்னசைட் கனிமத்தால் பெயர் பெற்றது. தாதுவின் பெயரையே கொண்ட தொடருந்து நிலையங்கள் அரிது.

நாமக்கல்லும் இருப்புப்பாதையும்

சேலத்துக்குத் தெற்கேயுள்ள இராசிபுரம், நாமக்கல் சமவெளி மிக நீண்ட காலம் தொடருந்து இன்றியே இருந்தது. 1997 சனவரி 1 அன்று தனி மாவட்டத் தலைநகரான பின்னும் நாமக்கல்லில் நிலையம் இல்லை. சேலத்திலிருந்து நாமக்கல், மோகனூர் வழியாகக் கரூர் செல்லும் சுமார் 85 கி.மீ. நீளப் பாதையில் 2013 ஆம் ஆண்டு பயணிகள் வண்டி ஓடத் தொடங்கியது. அதாவது, சூரமங்கலத்துக்கு வந்த தொடருந்து நாமக்கல்லை அடைய 152 ஆண்டுகள் ஆயின.

இந்த இடைவெளியை நிரப்பியவை சரக்குந்துகள். லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளும், எரிவாயு டேங்கர் லாரிகளும், கோழிப்பண்ணை முட்டை ஏற்றுமதியும் நாமக்கல்லின் அடையாளமாயின; திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளுக்குப் பெயர் பெற்றது. தொடருந்து இல்லாமையே லாரித் தொழிலுக்குக் காரணம் என்று முடிவு கட்டிவிட முடியாது. தொடருந்து உள்ள சங்ககிரியிலும் லாரி உரிமையாளர்கள் ஏராளம். எனினும் பொருட்களை வெளியே கொண்டுசெல்ல வேறு வழியற்ற வட்டாரம் சாலையை நம்பியது இயல்பே. திருச்செங்கோடு நகருக்கு இன்றும் தொடருந்து நிலையம் கிடையாது.

சேலம் கோட்டம்

சூரமங்கலத்து நிலையம் பல்லாண்டுகள் பாலக்காடு கோட்டத்தின் கீழ் இயங்கியது. இதனால் நிர்வாகத் தேவைகளுக்குக் கேரளத்திலுள்ள தலைமையகத்தை நாட வேண்டியிருந்ததாக மேற்குத் தமிழக மாவட்டத்தினர் குறைகூறி, தனிக் கோட்டம் வேண்டும் என நெடுங்காலம் கோரி வந்தனர். வருவாய் மிகுந்த பகுதிகளை இழந்தால் பாலக்காடு கோட்டம் நலிவடையும் எனக் கேரளத்தில் கடும் எதிர்ப்பு எழுந்தது. இறுதியில் பாலக்காடு, திருச்சிராப்பள்ளி கோட்டங்களின் பகுதிகளைப் பிரித்து 2007 நவம்பர் 1 அன்று சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கோட்டம் உருவாக்கப்பட்டது.

இன்றைய ஊர்

நிலையத்தையும் ஐந்து ரோட்டையும் இணைக்கும் ஜங்ஷன் முதன்மைச் சாலை தற்போது இடைவெளியின்றிக் கடைகளும் விடுதிகளும் நிறைந்துள்ளது. சேலமும் சூரமங்கலமும் எங்கே பிரிகின்றன என்று புதியவருக்குத் தெரியாது. ஊரில் உழவர் சந்தை ஒன்று இயங்குகிறது. மேற்கே கஞ்சமலை அடிவாரத்தில் 1970 ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்டு 1980களின் தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கிய சேலம் உருக்காலையும் இவ்வூரின் விரிவுக்குக் காரணமாகும்.

ஏற்காட்டுக்குச் செல்வோர் இறங்கும் நிலையமும் இதுவே. ஏற்காடு விரைவுத் தொடருந்து என்னும் வண்டி சென்னைக்கும் ஈரோட்டுக்கும் இடையே ஓடுகிறது. அது மலை ஏறுவதில்லை. ஏற்காடு செல்லும் பயணிகள் சூரமங்கலத்தில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும்.