அறுவை வார்டில் புதிய செவிலியர்

அறுவை மருத்துவத்தின் வெற்றி அறுவை அரங்கிலேயே முடிவாகிவிடுகிறது என்று பொதுமக்கள் கருதுவது வழக்கம். ஆயினும், அறுவைக்குப் பிந்திய முதல் சில நாட்களில் கிடைக்கும் கவனிப்பும் அதே அளவுக்கு அவ்வெற்றியை நிர்ணயிக்கிறது. குருதிக் கசிவு, மூச்சுத் தடை, நோய்த்தொற்று, சிறுநீரகச் செயல் குறைவு ஆகிய சிக்கல்களில் பல, நோயாளி வார்டுக்குத் திரும்பிய பின்னரே தலைகாட்டுகின்றன. அந்நேரத்தில் அவர் அருகில் இருப்பவர் செவிலியரே. அச்செவிலியர் சில மாதங்களுக்கு முன்பு பட்டம் பெற்று, இப்போதுதான் இரவுப் பணியை ஏற்றவராகவும் இருக்கக்கூடும். அவருடைய பணிகள் யாவை, அவற்றை அவர் செவ்வனே ஆற்றுவதற்கு மருத்துவமனை செய்ய வேண்டுவன யாவை என்பவை மருத்துவ நிர்வாகத்தின் முக்கியமான வினாக்களாகும்.

வளர்ந்து வரும் வசதிகள்

ஆந்திரப் பிரதேசத்தின் தென்கோடியில் உள்ள சித்தூர், திருப்பதிப் பகுதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். திருப்பதியில் 1960-ஆம் ஆண்டில் ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. ரூயா அரசு பொது மருத்துவமனை அதனுடன் இணைந்து இயங்குகிறது. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் முயற்சியால், 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவ அறிவியல் நிறுவனம் 1993-இல் செயற்படத் தொடங்கி, 1995-இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. செவிலியர் கல்லூரியும் இந்நிறுவனத்தின் ஓர் அங்கமாகும். எலும்பு, மூட்டு அறுவை மருத்துவத்திற்கென தேவஸ்தானம் 'பர்ட்' மருத்துவமனையை நடத்துகிறது. சித்தூரில் மாவட்ட மருத்துவமனை உள்ளது. அங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூரின் கிறித்துவ மருத்துவக் கல்லூரி, 1909-இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கி, 1946-இல் செவிலியர் பட்டப்படிப்பையும் ஏற்படுத்திய நிறுவனமாகும்.

2007-இல் அன்றைய ஆந்திரப் பிரதேச அரசு தொடங்கிய ஆரோக்யஸ்ரீ திட்டம், ஏழைக் குடும்பங்களின் பெருஞ்செலவு பிடிக்கும் சிகிச்சைகள் பலவற்றின் செலவை அரசே ஏற்க வழி செய்தது. இதனால் முன்பு அறுவை சிகிச்சையை எண்ணிப் பார்க்கவும் இயலாதிருந்த விவசாயத் தொழிலாளியும் நெசவாளியும் மருத்துவமனைக்கு வர இயன்றது. அரங்கின் வாயில் அகலமாகத் திறக்கப்படும்போது, அரங்குக்கு வெளியே கண்காணிக்கும் கரங்களும் பெருக வேண்டும் என்பது வெளிப்படை.

அறுவைக்கு முன்

புதிய செவிலியரின் பொறுப்பு அறுவைக்கு முந்திய நாளே தொடங்குகிறது. நோயாளியின் பெயர், அறுவை செய்யப்படும் உறுப்பு, அது வலப்புறமா இடப்புறமா என்பது, ஒப்புதல் படிவம், மருந்து ஒவ்வாமை, குருதி வகை ஆகியவற்றை அவர் சரிபார்க்கிறார். நலமான வயது வந்தோர், மயக்க மருந்துக்கு 6 மணி நேரம் முன்பே திட உணவையும், 2 மணி நேரம் முன்பே தெளிந்த நீரையும் நிறுத்த வேண்டும் என்பது பொது விதி. இதனை நோயாளிக்கு மட்டுமன்றி உடனிருக்கும் உறவினருக்கும் விளக்க வேண்டும். விடியற்காலையில் பரிவுடன் கொடுக்கப்படும் ஒரு குவளை காப்பி அறுவையையே ஒத்திவைக்கச் செய்யும். மயக்கநிலையில் உணவு மூச்சுக் குழாயில் புகுந்தால் உயிருக்கே ஆபத்து நேரும்.

இத்தகைய எளிய சரிபார்ப்புகளின் பயன் சிறிதன்று. உலக நல நிறுவனம் 2008-இல் 19 அம்சங்கள் கொண்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியலை வெளியிட்டது. புது டில்லி உட்பட 8 நகரங்களின் மருத்துவமனைகளில் அது சோதித்துப் பார்க்கப்பட்டது. பட்டியலைப் பின்பற்றிய பிறகு அங்கு அறுவை நோயாளிகளிடையே இறப்பு நூற்றுக்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகக் குறைந்ததாக 2009-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

முதல் இரவு

அரங்கிலிருந்து நோயாளி வார்டுக்கு வந்ததும் கண்காணிப்பு தீவிரமடைகிறது. பல மருத்துவமனைகளில் முதல் ஒரு மணி நேரத்திற்கு 15 நிமிடங்களுக்கு ஒரு முறையும், பின்னர் அரை மணிக்கு ஒரு முறையும், நிலைமை சீரான பின் ஒரு மணிக்கு ஒரு முறையும் நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம், மூச்சு எண்ணிக்கை, நினைவு நிலை ஆகியவை குறிக்கப்படுகின்றன. கட்டின் மீது குருதி பரவுகிறதா, வடிகுழாயில் சேரும் நீர்மத்தின் அளவும் நிறமும் யாவை என்பனவும் பார்க்கப்படுகின்றன. வயது வந்தோருக்குச் சிறுநீர் மணிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.5 மில்லிலிட்டருக்குக் குறையலாகாது. அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லிலிட்டர் இருத்தல் வேண்டும்.

எண்களைக் குறிப்பதோடு கடமை முடிவதில்லை. அவற்றின் போக்கை உணர்வதே அறுவை வார்டுச் செவிலியரின் தலையாய திறமை. எடுத்துக்காட்டாக, வயிற்று அறுவை முடிந்த இளைஞர் ஒருவரின் நாடித் துடிப்பு இரவு 10 மணிக்கு 80 ஆகவும், 11 மணிக்கு 96 ஆகவும், நள்ளிரவில் 114 ஆகவும் இருப்பதாகக் கொள்வோம். இரத்த அழுத்தம் ஏறத்தாழ மாறாதிருக்கிறது. கட்டும் உலர்ந்தே உள்ளது. இதைக் கண்டு, புதியவர் கவலைக்கு இடமில்லை என்று எண்ணிவிடலாம். ஆனால், உடலுக்குள் குருதி கசியும்போது இதயம் வேகமாகத் துடித்து இழப்பை ஈடுசெய்கிறது. உடற்குருதியில் சுமார் 30 சதவீதம் இழக்கப்படும் வரையிலும்கூட இளம் வயதினரின் இரத்த அழுத்தம் பெரிதும் தாழாதிருக்கலாம். அது தாழும் வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். எனவே நாடியின் ஏற்றத்தைக் கண்ட அளவிலேயே மருத்துவரை அழைப்பது செவிலியரின் கடமையாகும்.

மருந்தளிப்பிலும் இதே விழிப்பு தேவை. நம் நாட்டில் இன்சுலின், ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரு செறிவுகளில் கிடைக்கிறது. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் 10 என்ற குறிவரை எடுத்தால், நோயாளிக்குச் செல்வது 25 யூனிட் ஆகும். அறுவைக்காகப் பட்டினி இருக்கும் நீரிழிவு நோயாளிக்கு இப்பிழை கேடு விளைவிக்கும். குப்பியையும் சிரிஞ்சையும் ஒப்பிட்டுப் பார்த்து, மற்றொரு செவிலியரிடமும் காட்டி உறுதி செய்துகொள்வது பாதுகாப்பான முறை.

மொழியும் ஒரு கருவி

சித்தூர், திருப்பதி மருத்துவமனைகளுக்குத் தெலுங்கு பேசுவோருடன், எல்லை கடந்து வரும் தமிழ் மக்களும், திருமலைக்கு வந்து நோயுற்ற பிற மாநில யாத்திரிகர்களும் வருகின்றனர். எனவே நோயாளியின் சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்வது கண்காணிப்பின் ஒரு பகுதியாகிறது. தமிழில் வலி என்பது தெலுங்கில் 'நொப்பி' எனப்படும். இதனை எவரும் விரைவில் கற்றுக்கொள்வர். இரு மொழிக்கும் பொதுவாக ஒலிக்கும் சொற்களே ஏமாற்றக்கூடியவை. தமிழில் 'ஆயாசம்' என்பது களைப்பு. தெலுங்கில் அதே சொல் மூச்சு வாங்குதலைக் குறிக்கும். அறுவை முடிந்து சில நாட்களில் ஒரு தெலுங்கு நோயாளி 'ஆயாசம்' என்று சொன்னால், தமிழ்ச் செவிலியர் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். உண்மையில், காலின் நாளத்தில் உறைந்த குருதிக் கட்டி நுரையீரலை அடைந்ததன் அறிகுறியாக அது இருக்கக்கூடும். ஐயம் எழுந்தால் மூச்சு எண்ணிக்கையை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணிப் பார்ப்பதே தீர்வு.

கல்விக்கும் பணிக்கும் இடையே

செவிலியர் பட்டப்படிப்பு 4 ஆண்டுகளைக் கொண்டது. 2021-இல் அறிவிக்கப்பட்ட புதிய பாடத்திட்டத்தில் எட்டாம் பருவம் உள்ளுறைப் பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. எனினும், மாணவர் ஆசிரியரின் மேற்பார்வையில் ஒரு சில நோயாளிகளைக் கவனிப்பதற்கும், ஒரு வரிசைப் படுக்கைகளுக்குத் தனியே பொறுப்பேற்பதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. அமெரிக்க ஆய்வாளர் மார்லின் கிரேமர் 1974-இலேயே இந்த இடைவெளியை 'யதார்த்த அதிர்ச்சி' என்று வருணித்தார். செவிலியரின் திறன் புதியவர் நிலையிலிருந்து வல்லுநர் நிலை வரை ஐந்து படிகளில் வளர்கிறது என்று பாட்ரீசியா பென்னர் 1984-இல் விளக்கினார். விதிகளை அறிந்திருப்பது தொடக்கப் படி. எது அவசரம், எது காத்திருக்கலாம் என்று வேறுபடுத்தும் ஆற்றல் அனுபவத்தால் மட்டுமே வருவது.

புதியவரைத் தயங்கச் செய்வது அறியாமை மட்டுமன்று. நள்ளிரவில் மருத்துவரை எழுப்பினால் கடிந்துகொள்வாரோ என்ற அச்சமும் காரணமாகும். இந்த அச்சத்தின் விலையை நோயாளியே செலுத்துகிறார். நிலைமை, பின்னணி, மதிப்பீடு, வேண்டுகோள் என்ற நான்கு பகுதிகளாகச் செய்தியைத் தெரிவிக்கும் முறை இங்கு உதவும். 'நோயாளி சரியாக இல்லை' என்பதற்கு மாறாக, 'வயிற்று அறுவை முடிந்து 6 மணி நேரம் ஆன நோயாளி. நாடி 80-இலிருந்து 114 ஆக உயர்ந்துள்ளது. உட்கசிவு என்று ஐயுறுகிறேன். உடனே வந்து பார்க்க வேண்டும்' என்று கூறினால் மருத்துவர் முடிவெடுப்பது எளிதாகும்.

எண்ணிக்கையின் முக்கியத்துவம்

தனிமனிதத் திறமைக்கும் ஓர் எல்லை உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளின் அறுவை நோயாளிகளைப் பற்றி லிண்டா எய்கன் குழுவினர் செய்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது. ஒரு செவிலியரின் பொறுப்பில் மேலும் ஒரு நோயாளி சேரும்போது, 30 நாட்களுக்குள் இறப்பு நேரும் வாய்ப்பு சுமார் 7 சதவீதம் உயர்வதுடன் தொடர்புற்றிருப்பதை அது காட்டியது. பயிற்சி மருத்துவமனைகளின் பொது வார்டுகளில் 3 படுக்கைகளுக்கு ஒரு செவிலியர், அதாவது ஒரு பணிவேளைக்கு 9 படுக்கைகளுக்கு ஒருவர் என்பதும், பிற பொது மருத்துவமனைகளில் 5 படுக்கைகளுக்கு ஒருவர் என்பதும், விடுப்புக்கென 30 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதும் இந்தியச் செவிலியர் குழுமம் வகுத்த அளவுகோல்கள். இவ்வளவுகோல் ஏட்டளவில் நின்றுவிட்டால் கண்காணிப்புத் தாளில் இடைவெளிகள் தோன்றும்.

செய்யத்தக்கவை

மருத்துவமனை நிர்வாகங்கள் பெருஞ்செலவின்றியே சில ஏற்பாடுகளைச் செய்ய இயலும். புதிய செவிலியர் ஒவ்வொருவருக்கும் முதல் மூன்று மாதங்களுக்கேனும் அனுபவமிக்க ஒருவரை வழிகாட்டியாக நியமிக்கலாம். அக்காலத்தில் அவரை இரவுப் பணியில் தனித்து விடாதிருக்கலாம். மருத்துவரை எந்த அளவுகளில் கட்டாயம் அழைக்க வேண்டும் என்பதை எழுதி வார்டில் ஒட்டி வைக்கலாம். எழுதப்பட்ட விதி, அழைக்கும் கடமையைத் தனிப்பட்ட துணிச்சலுக்கு விட்டுவிடுவதில்லை. பணி மாறும் வேளையில் படுக்கைதோறும் சென்று பொறுப்பை ஒப்படைக்கும் வழக்கத்தை உறுதிப்படுத்தலாம். தெலுங்கு, தமிழ், இந்தி மொழிகளில் அபாய அறிகுறிகளின் சொற்பட்டியலை வழங்கலாம்.

ஒரு செவிலியரை உருவாக்க நான்கு ஆண்டுகளும், சமுதாயத்தின் பெரும் பொருளும் செலவாகின்றன. முதல் ஆண்டிலேயே மனம் தளர்ந்து அவர் பணியை விட்டு விலகினால் அந்த முதலீடு முழுவதும் வீணாகிறது. அவர் நிலைத்து நின்று தேர்ச்சி பெற்றால், அடுத்த ஆண்டு வரும் புதியவருக்கு அவரே வழிகாட்டியாவார். நள்ளிரவில் நாடியின் ஏற்றத்தைக் கவனித்து, தயங்காமல் தொலைபேசியை எடுக்கும் செவிலியரை உருவாக்கும் பொறுப்பு, கல்லூரியையும் மருத்துவமனையையும் ஒருசேரச் சார்ந்ததாகும்.