அகப்பக்கத்திற்குத் தனி வாசல் தேவையா?

நெகிரி செம்பிலானில், போர்ட்டிக்சன் வட்டாரத்துச் சுவாவைப் போன்ற தோட்டப்புற ஊர் ஒன்றில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கூடத்து மூலையில் ஒரே ஒரு கணினி. அதுவும் யாரோ பயன்படுத்திவிட்டுக் கொடுத்தது. பிள்ளைக்குக் கல்வி அமைச்சின் ‘டெலிமா’ கற்றல் தளம் வேண்டும். அப்பாவுக்கு இபிஎப் கணக்கு. அம்மாவுக்கு வங்கி. தாத்தாவுக்குத் தமிழ்ச் செய்தி. நான்கு பேரும் திறப்பது ஒரே உலாவியைத்தான்.

வங்கி அகப்பக்கத்தின் முகவரி அம்மாவுக்கு மனப்பாடம் இல்லை. வங்கியின் பெயரைத் தேடல் கட்டத்தில் தட்டுகிறார். முதலில் எது வருகிறதோ அதைச் சொடுக்குகிறார். முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம். அந்த விளம்பரத்தைக் கொடுத்தது வங்கிதான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? அசலைப் போலவே வண்ணமும் சின்னமும் வைத்த போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லைத் தட்டிவிட்டால், செம்பனைக் காட்டில் உழைத்துச் சேர்த்த பணம் சில நிமிடங்களில் போய்விடும். இது படிக்காதவர்களுக்கு மட்டும் நேர்வது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

தினமும் தேடிப் போகும் பக்கத்தைத் தேடாமலே திறக்க ஒரு வழி இருக்கிறது. அந்த அகப்பக்கத்தைக் கணினியில் தனிச் செயலியாக மாற்றி வைத்துக்கொள்ளலாம். இதற்குக் காசு செலவில்லை.

குரோம் உலாவியில் சரியான அகப்பக்கத்தைத் திறந்து, வலப்பக்க மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைச் சொடுக்க வேண்டும். ‘காஸ்ட், சேவ், அண்ட் ஷேர்’ என்ற பகுதிக்குள் ‘இன்ஸ்டால் பேஜ் ஆஸ் ஆப்’ என்று இருக்கும். எட்ஜ் உலாவியில் ‘ஆப்ஸ்’ என்ற பகுதியில் இதே வசதி உண்டு. ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்களுக்கு 2023-இல் வந்த சோனோமா பதிப்பிலிருந்து, சஃபாரியின் ‘ஃபைல்’ பட்டியலில் ‘ஆட் டு டாக்’ என்று கிடைக்கிறது. பெயர் வைத்து உறுதி செய்தால் முடிந்தது. இனி அந்தச் சின்னத்தைச் சொடுக்கினால் பக்கம் தனிச் சன்னலில் திறக்கும். மேலே முகவரிப் பட்டை இருக்காது, மற்ற பக்கங்களின் நெரிசலும் இருக்காது.

இந்த எண்ணம் புதியதன்று. 2007-இல் மோசில்லா ‘பிரிசம்’ என்ற பெயரில் முயன்று பார்த்தது. அதே ஆண்டில் ஆப்பிள் கணினிகளுக்கு ‘ஃபுளூயிட்’ வந்தது. 2008 செப்டம்பரில் குரோம் வெளிவந்தபோதே இந்த வசதி அதற்குள் இருந்தது. பிரிசம் சில ஆண்டுகளில் நின்றுபோனது. 2015-இல் அலெக்ஸ் ரசல், பிரான்சிஸ் பெர்ரிமன் ஆகிய இருவரும் இத்தகைய அகப்பக்கங்களுக்கு ‘புரோகிரசிவ் வெப் ஆப்’ என்று பெயர் சூட்டினார்கள். நெடுநாள் ஒதுங்கியிருந்த பயர்பாக்ஸ்கூட 2025 செப்டம்பரில் விண்டோஸ் பயனர்களுக்கு இதைக் கொண்டு வந்தது.

உள்ளே நடப்பது எளியதுதான். அகப்பக்கத்தை உருவாக்கியவர் அதனுடன் ஒரு சிறு கோப்பை வைக்கிறார். செயலியின் பெயர் என்ன, சின்னம் எது, எந்த முகவரியில் தொடங்க வேண்டும் என்ற விவரங்கள் அதில் இருக்கும். உலாவி அதைப் படித்து ஒரு சின்னத்தை உருவாக்குகிறது. மற்றபடி அது பழைய அகப்பக்கமேதான். இணையம் இல்லாதபோதும் இயங்கும் என்று சிலர் நம்புகிறார்கள். அதற்கென அமைத்த பக்கங்கள் மட்டுமே ஓரளவு இயங்கும். வங்கிப் பக்கம் இணையம் இன்றி ஒன்றும் செய்யாது.

‘முகவரியைக் குறித்து வைக்கும் புக்மார்க் போதாதா?’ என்று ஒரு சாரார் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். போலிப் பக்கத்தில் சிக்காமல் இருக்க புக்மார்க்கும் இதே அளவு உதவும். ஆனால் புக்மார்க்கைத் தேட முதலில் உலாவியைத் திறக்க வேண்டும், பட்டியலில் இறங்க வேண்டும். முகப்புத் திரையில் ‘வங்கி’ என்று ஒரு சின்னம் தனியாக நின்றால் அறுபது வயதுக்காரருக்கும் குழப்பம் இல்லை. பாடப் பக்கம் தனிச் சன்னலில் இருந்தால் பிள்ளையின் கண் பக்கத்து யூடியூப்பிற்குத் தாவுவதும் கொஞ்சம் குறையும். கொஞ்சம்தான்.

பழைய கணினிக்கு இது பாரமாகாதா? ஆகாது. இந்தச் செயலி, ஏற்கெனவே இருக்கும் உலாவியையே பயன்படுத்திக்கொள்கிறது. ‘எலெக்ட்ரான்’ முறையில் கட்டிய மென்பொருள்களின் கதை வேறு. அவை ஒவ்வொன்றும் ஒரு முழு உலாவியையே முதுகில் சுமந்து வருகின்றன. நான்கு ஜிகாபைட் நினைவகம் உள்ள கணினியில் அத்தகைய மென்பொருள் இரண்டு மூன்று திறந்தாலே திணறல் தெரியும்.

பலர் கவனிக்கத் தவறும் இடம் இன்னொன்று. தனிச் சன்னல் என்பதால் தனிப் பூட்டும் இருக்கிறது என்று எண்ணிவிடுகிறார்கள். குரோம், எட்ஜ் இரண்டிலும் செயலியும் உலாவியும் உள்நுழைவு விவரங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. அம்மா வெளியேறாமல் எழுந்து போனால், அடுத்து உட்காரும் யாரும் அந்தச் சின்னத்தைச் சொடுக்கலாம். வீட்டில் ஒரே கணினி என்றால் ஆளுக்கொரு விண்டோஸ் கணக்கு, அதற்குக் கடவுச்சொல் என்று வைத்துக்கொள்வது நல்லது. வங்கியின் கடவுச்சொல்லை உலாவியில் சேமிக்கவே கூடாது.

முகவரிப் பட்டை மறைவதிலும் ஓர் ஆபத்து உண்டு. போலிப் பக்கத்தையே செயலியாக்கிவிட்டால், பிறகு முகவரியைப் பார்த்து ஐயப்படும் வாய்ப்பும் போய்விடும். 2024 ஆகஸ்டில் ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் இத்தகைய மோசடியை அம்பலப்படுத்தியது. தானியங்கித் தொலைபேசி அழைப்பு, குறுஞ்செய்தி, சமூக ஊடக விளம்பரம் ஆகியவற்றால் ஆட்களை இழுத்து, போலி வங்கிப் பக்கத்தைக் கைத்தொலைபேசியில் செயலியாக நிறுவ வைத்தார்கள். செக் நாட்டு வங்கி வாடிக்கையாளர்களே முக்கிய இலக்கு. ஹங்கேரி, ஜார்ஜியா நாடுகளிலும் குறி வைத்தார்கள்.

ஆகவே செயலியாக்கும் நாளில் முகவரியைத் தேடல் கட்டத்திலிருந்து எடுக்காமல், வங்கி கொடுத்த அட்டையிலோ கடிதத்திலோ உள்ளதைப் பார்த்து எழுத்துப் பிசகாமல் தட்ட வேண்டும். ஒரே ஒரு முறை படும் சிரமம்தான்.

தமிழ் வாசகர்களுக்கு இதில் ஒரு பழைய பழக்கமும் குறுக்கே நிற்கிறது. 1990-களில் தமிழ் அகப்பக்கம் ஒன்றைப் படிக்க வேண்டுமானால் அதற்குரிய எழுத்துருவைப் பதிவிறக்கம் செய்தாக வேண்டும். ஒரு பத்திரிகைக்கு ஓர் எழுத்துரு, இன்னொன்றுக்கு வேறொன்று. நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலைக் கணினியில் ஏற்றித் தமிழில் தட்டியவர்களுக்கு அந்தக் காலம் நன்றாகவே நினைவிருக்கும். யூனிகோட் பரவிய பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது. ‘இதை இறக்கு’ என்றால் உடனே இறக்கிப் பழகிய கை மட்டும் இன்னும் மாறவில்லை.

அகப்பக்கத்தைச் செயலியாக்க எந்தக் கோப்பையும் யாரும் அனுப்பத் தேவையில்லை. உலாவியின் பட்டியலிலிருந்து நாமே செய்வது அது. திருமண அழைப்பிதழ் என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு வந்தால் தொட வேண்டாம் என்று நம் காவல் துறை எச்சரித்திருக்கிறது. ‘வங்கிச் செயலி இது, நிறுவிக்கொள்ளுங்கள்’ என்று வரும் கோப்பும் அதே வகைதான்.

ஐயம் எழுந்தால் செயலியின் சன்னலில் உள்ள மூன்று புள்ளிகளைச் சொடுக்கி நீக்கிவிடலாம். அப்போது குரோம், தரவுகளையும் சேர்த்து அழிக்கட்டுமா என்று கேட்கும். ‘ஆம்’ என்று குறியிட வேண்டும். பணம் ஏற்கெனவே போய்விட்டதாகத் தெரிந்தால் உடனடியாக வங்கிக்கோ, 2022 முதல் இயங்கும் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணுக்கோ அழைக்க வேண்டும். மறுநாள் காலை வரை காத்திருந்தால், பணம் கைமாறிக் கைமாறி எங்கோ போயிருக்கும்.