ஆஸ்காருக்கு யார் துணை?

கொளத்தூர் மீன் கடைகளில் ஆஸ்கார் குஞ்சு ஆள்காட்டி விரல் நீளம்தான் இருக்கும். கறுப்பு உடம்பில் ஆரஞ்சுத் திட்டுகள், உருட்டிப் பார்க்கும் கண்கள், விரலைக் காட்டினால் கண்ணாடி வரை ஓடிவரும் குணம். வாங்கிய அன்று கூடவே ஆறு கப்பிகளையும் கவரில் கட்டித் தரச் சொன்னேன். "தீனிக்கா சார்?" என்றார் கடைக்காரர். துணைக்கு என்றேன். அவர் சிரித்ததன் பொருள் மூன்றாவது மாதம்தான் விளங்கியது. ஒரு காலை தொட்டியில் ஆஸ்கார் மட்டும் இருந்தது, வாயோரம் ஒரு வால் நுனியோடு.

இதைக் கொடூரம் என்று சொல்ல முடியாது. அமேசான் படுகையைச் சேர்ந்த இந்த மீன் ஒரு அடிக்கும் மேல் வளரும். வாயில் அடங்குவது எல்லாம் அதற்கு இரை. ஆகவே துணை தேடும்போது 'சாதுவா, முரடா' என்று கேட்பதற்கு முன்னால், முழுதாய் வளர்ந்த ஆஸ்காரின் வாயில் அது நுழையுமா என்று பார்க்க வேண்டும். நியான் டெட்ரா, கப்பி, மோலி எல்லாம் இந்தக் கேள்வியிலேயே கழிந்துவிடும். சிறிய கெளுத்தி வகைகளும் வேண்டாம். துடுப்பு முள்ளை விறைத்துக்கொண்டு தொண்டையில் சிக்கும்; இரண்டு மீனும் சாகும்.

சரி, முரடனுக்கு முரடன் என்று செவ்வால் கெளுத்தியை வாங்கி விடுபவர்களும் உண்டு. கடையில் குட்டியாக அழகாய்த்தான் இருக்கும். அது மூன்று அடிக்கு மேல் வளரும் மீன்; ஒருநாள் ஆஸ்காரே அதன் வயிற்றுக்குள் போய்விடும். மலாவி ஏரி சிக்லிட்டுகளும் ஒத்துவராது. அவற்றுக்குக் காரத்தன்மையுள்ள கடின நீர் வேண்டும், ஆஸ்காருக்கு மென்னீர்.

என் அனுபவத்தில் நன்றாகப் பொருந்தியது சில்வர் டாலர். வட்டத் தட்டு போன்ற உடம்பு, அரை அடி வளர்த்தி, விழுங்க வராது. பிரானாவுக்குச் சொந்தமென்றாலும் இலைதழைதான் தின்னும். தொட்டியில் செடி வைத்தால் மிஞ்சாது. ஒன்றிரண்டாக விட்டால் மூலையில் மிரண்டு நிற்கும். ஐந்தாறு விட்டதும் கூட்டமாக மேலே சுற்ற ஆரம்பித்தன. அதுவரை கல்லுக்குப் பின்னால் முறைத்துக்கொண்டு கிடந்த ஆஸ்காரும் வெளியே வந்தது. மேலே மீன்கள் பயமின்றித் திரிந்தால், கீழே இருப்பதற்கும் ஆபத்தில்லை என்று தோன்றும் போலும்.

அடித்தளத்துக்கு ஓரளவு வளர்ந்த சக்கர் ஒன்று போதும். பசித்த சக்கர் இரவில் ஆஸ்காரின் விலாவில் ஒட்டி வழவழப்பை உறிஞ்சும். அதற்கென்று தனியாகத் தீனி போடுங்கள். பெருத்துப்போனால் ஏரியில் மட்டும் விடாதீர்கள். நம் ஏரிகளில் வலை கிழிந்து புலம்பும் மீனவர்களைக் கேட்டால் காரணம் சொல்வார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி சுமார் 255 லிட்டர். அது ஒரு ஆஸ்காருக்கே மட்டுமட்டு. துணையோடு வளர்க்க ஆறடிக்கு இரண்டடிக்கு இரண்டடி, அதாவது ஏறக்குறைய 680 லிட்டர், அதற்கேற்ற ஃபில்டர்.

புதுமீனை விடும் நாளில் கற்களையும் கட்டைகளையும் இடம் மாற்றி வையுங்கள். பழைய எல்லை கலைந்துவிட்டால், பழைய மீனும் புதிதாய் வந்த மாதிரி தடுமாறும். நான் விளக்கை அணைத்துவிட்டு மாலையில் விடுவேன். கூடவே ஒரு கண்ணாடித் தடுப்பையும் தயாராக வைத்திருப்பேன். செதில் உதிர்ந்தாலோ, ஒரு மீன் மூலையிலேயே ஒண்டிக் கிடந்தாலோ அன்றே பிரித்துவிட வேண்டும். 'பழகிவிடும்' என்று காத்திருந்து நான் ஒரு சில்வர் டாலரை இழந்தேன்.

ஃபிளவர்ஹார்ன் விஷயம் வேறு. 1990களில் மலேசியாவில் கலப்பினமாக உருவான இந்த மீனைப் புடைத்த தலைக்காகவும் அதிர்ஷ்டத்துக்காகவும் வாங்குகிறார்கள். பெரும்பாலும் தனியாக வைப்பதே நல்லது. நண்பர் வீட்டு ஃபிளவர்ஹார்னுக்குத் துணையே கிடையாது. ஆனாலும் தொட்டியின் மூன்று பக்கமும் அவர் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கிறார். கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தோடேயே முட்டிக்கொள்கிறதாம்.