நாய்க்குட்டியின் சோர்வும் விறைப்பும்: காரணங்களும் செய்ய வேண்டியவையும்

சில வாரங்களே ஆன நாய்க்குட்டி ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் வரை தூங்கும். அது நோயன்று, எழுப்பினால் வாலாட்டி வரும், உணவு வைத்தால் உண்ணும். எழுப்பியும் தலை தூக்காமல் கிடப்பதும், உணவை முகர்ந்துவிட்டு விலகுவதும், கழுத்தோ கால்களோ விறைத்து நடக்கத் தடுமாறுவதும் நோயின் அறிகுறிகள். குட்டியின் உடலில் சர்க்கரைச் சேமிப்பு மிகக் குறைவு. பெரிய நாய் இரண்டு நாள் தாங்கும் நோயைக் குட்டி சில மணி நேரங்கூடத் தாங்காமல் போகலாம். எனவே, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

சோர்வின் காரணங்கள்

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளுக்கு, குறிப்பாகச் சிவாவா, பொமரேனியன் போன்ற சிறிய இனங்களுக்கு, சில மணி நேரப் பட்டினியிலேயே இரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு ஆகியவை தொடரும்.

உருளைப்புழு தாயின் கருப்பையிலேயே குட்டிக்குத் தொற்றுகிறது. கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாகவும் வருகிறது. கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சுவதால் ஈறு வெளுக்கும். உண்ணிகள் பரப்பும் எர்லிக்கியா, பேபீசியா தொற்றுகளும் காய்ச்சலையும் இரத்தசோகையையும் தரும்.

தடுப்பூசி முழுமை பெறாத குட்டிகளைப் பார்வோ வைரஸ் தாக்கினால், வாந்தியும் துர்நாற்றம் வீசும் இரத்த வயிற்றுப்போக்கும் உடல்நீரை வற்றச் செய்யும். டிஸ்டெம்பர் நோயில் கண், மூக்கு ஒழுகலுடன் தசைத் துடிப்பும் வலிப்பும் வரும். தடுப்பூசி போட்ட ஓரிரு நாள் இலேசான சோர்வு இயல்பு. முகம் வீங்கினால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

விறைப்பின் காரணங்கள்

காயத்தின் வழியே நுழையும் ரணஜன்னிக் கிருமியால் கால்கள் கட்டைபோல் விறைக்கும்; காதுகள் நிமிரும்; வாய் திறக்காது. காய்ச்சலோடு கழுத்து விறைத்தால் மூளையுறை அழற்சியைச் சந்தேகிக்க வேண்டும். வெறும் சோறும் இறைச்சியும் உண்டு வளரும் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து எலும்பு வளையும், எளிதில் முறியும். பெரிய இனக் குட்டிகளுக்கு அளவு மீறிய கால்சியம் மருந்தும் எலும்பைக் கெடுக்கும். ஐந்து மாதத்துக்கு மேற்பட்ட பெரிய இனங்களில் கால் மாற்றிக் கால் நொண்டுவது எலும்பு அழற்சியாக இருக்கலாம். விழுந்து அடிபட்டதும் நஞ்சு தின்றதும் எந்த வயதிலும் காரணமாகலாம்.

வெறிநோய் எச்சரிக்கை

தாடை தொங்கி, எச்சில் வழிந்து, குரைப்பு மாறிய குட்டியின் வாய்க்குள் கைவிடக் கூடாது. கடியோ கீறலோ பட்டாலும், காயத்தில் எச்சில் பட்டாலும், அந்த இடத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அரசு மருத்துவமனைகளில் வெறிநோய்த் தடுப்பூசி இலவசம்.

முதலுதவி

ஆசனவாயில் அளக்கும்போது 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பான வெப்பநிலை. ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்தாலோ நீலம் பாரித்தாலோ அவசரம். குளிர்ந்து கிடக்கும் குட்டியைத் துணியால் போர்த்தி, சிறிது தேனையோ சர்க்கரைக் கரைசலையோ ஈறில் தடவலாம். மயங்கிய குட்டியின் வாயில் நீரோ பாலோ ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். மனிதர்களுக்கான பாரசிட்டமால், ஐபுப்ரூஃபன் மாத்திரைகளைத் தரவே கூடாது. வாந்தியின் படம், தின்ற பொருளின் உறை, தடுப்பூசி அட்டை ஆகியவற்றை மருத்துவரிடம் கொண்டுசெல்வது நோயறிய உதவும்.

சட்டமும் உதவியும்

2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. வாங்கும்போதே இரசீதையும் தடுப்பூசி, புழுநீக்கப் பதிவுகளையும் கேட்டுப் பெற வேண்டும். நோயை மறைத்துக் குட்டியை விற்றால், இவற்றோடு மருத்துவரின் சான்றையும் சேர்த்து நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். வளர்ப்பவருக்கும் பொறுப்புண்டு: 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி, போதிய உணவும் நீரும் இருப்பிடமும் தராதது குற்றம். தமிழ்நாட்டில் அரசு கால்நடை மருந்தகங்களிலும், சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் சிகிச்சை பெறலாம்; நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணை அழைக்கலாம்.